வாங்க என்று ஒரு வார்த்தை

எங்கள் ஊரில் வரப்புத் தகராறுகூட நாளடைவில் ஆறிப்போகும். "வாங்க" என்று கேட்காமல் விட்டது மட்டும் ஆறவே ஆறாது. விசேஷ வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே பார்த்து, தனியாக ஒரு வார்த்தை "வாங்க" என்று கேட்க வேண்டும். கும்பலாக வந்தவர்களுக்குச் சேர்த்து ஒரு கும்பிடு போட்டால் அது செல்லாது. புருஷனைக் கேட்டுவிட்டுப் பெண்சாதியைக் கேட்காமல் விட்டால் அதற்கு வேறு வழக்கு நடக்கும்.

என் வீட்டுக்காரர் அப்படி ஒரு "வாங்க" கிடைக்காமல் ஆறேழு வருஷம் ஒரு மனிதரோடு பேசாமல் இருந்தவர். அந்த மனிதர் நாகல் நகர்ப் பக்கம் புகையிலை வியாபாரம் செய்தவர். அவர் வீட்டுக் காதுகுத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். வாசலில் அவர் யாரோ ஒரு பெரிய அதிகாரியை வரவேற்கிற மும்முரத்தில், பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டார். இவர் அங்கேயே திரும்பி, கை நனைக்காமல் வீடு வந்து சேர்ந்தார். நான் அதற்குள் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்க நான் என்ன பைத்தியமா? முழுசாகச் சாப்பிட்டு, வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அதற்கும் சேர்த்து வீட்டில் கொஞ்ச நாள் முகம் தூக்கி வைத்திருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேரும் ஒரே கிளப்பில் இருந்தார்கள். கிளப் என்றதும் சீட்டாடுகிற இடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஊரில் நாலு கடைக்காரர்களும் இரண்டொரு டாக்டர்களும் வக்கீலும் வாத்தியாரும் சேர்ந்து கண் சிகிச்சை முகாம், ரத்ததானம், பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி என்று செய்துகொண்டிருந்த சேவை சங்கம் அது. ஒரு ஹோட்டல் மாடியில் கூட்டம் நடக்கும். தலைவருக்குக் கழுத்தில் ஒரு பதவிச் சங்கிலி, மேசையில் ஒரு வெண்கல மணி, அடிக்க ஒரு மரச்சுத்தியல். மாதத்துக்கு ஒரு கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வர வேண்டும் என்பது விதி. பேச்சு நீளும்போது இன்றைக்குச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்ன என்று சமையல்கட்டுப் பக்கம் மூக்கை நீட்டுகிற உறுப்பினர்களும் உண்டு. பெயர் எதற்கு, என் வீட்டிலேயே ஒருவர் இருந்தார்.

அந்தக் கிளப்பில் தலைவர், செயலாளர் பதவிகள் முறை வைத்து வரும். தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு வருஷம், புகையிலைக்காரர் தலைவராகவும் என் வீட்டுக்காரர் செயலாளராகவும் வருகிற முறை வந்துவிட்டது. பேசாத இரண்டு பேர் சேர்ந்து ஒரு சங்கத்தை நடத்திய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கூட்டத்தில் மட்டும் "தலைவர் அவர்களின் கவனத்துக்கு", "செயலாளர் அவர்கள் அறியவும்" என்று மேடைத் தமிழில் பேசிக்கொள்வார்கள். மணி அடித்துக் கூட்டம் கலைந்ததும் ஆளுக்கொரு படிக்கட்டு வழியாக இறங்கிப் போவார்கள். வீட்டிலிருந்து ஏதாவது தகவல் சொல்ல வேண்டுமென்றால் இவர் என்னிடம் சொல்வார், நான் தலைவர் வீட்டம்மாவுக்கு போன் பண்ணுவேன், அந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தன் புருஷனிடம் சொல்வார். பதில் அதே வழியில் திரும்பி வரும். எங்களுக்கு அது ஒரு சாக்காகப் போயிற்று. ஆம்பிளைகள் சேதி ஒரு நிமிஷம் என்றால் எங்கள் கதை அரைமணி நேரம்.

இனி, நான் சொல்ல வந்த குடும்பத்துக்கு வருகிறேன்.

நான் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் தமிழ் டீச்சர். அப்போது என் ஆறாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். எப்போதும் முதல் ஆளாக வருவாள், கடைசி ஆளாகப் போவாள். படிப்பில் அம்புட்டு ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆசை இருந்தது உண்மைதான். ஆனால் போவதற்கு வீடு இல்லை என்பதும் உண்மை. ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த மதிலை ஒட்டி நாலு குடும்பங்கள் தார்ப்பாய் கட்டி இருந்தன. அதில் ஒன்று இவளுடையது. அப்பா மூட்டை தூக்குகிறவர், அம்மா வெங்காய மண்டியில் தோல் சலித்துத் தரம் பிரிக்கிறவர். பழனி ரோட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் அந்தம்மாவின் பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை "ங்க" இருக்கும். எங்கள் பக்கத்து வெடுக் வெடுக்கென்ற பேச்சுக்கு நடுவில் அதைக் கேட்க அவ்வளவு இதமாக இருக்கும்.

பள்ளி விட்டு வருகிற வழிதான். அதனால் சில நாள் அந்தப் பிள்ளையோடு பேசிக்கொண்டே மதில்வரைக்கும் போவேன். என்னைக் கண்டதும் அந்தம்மா தார்ப்பாய்க்குள்ளிருந்து குனிந்து வெளியே வந்து, கையைப் புடவையில் துடைத்தபடி ரோட்டுக்கே வந்து நிற்பார். "சொல்லுங்க டீச்சர்" என்பார். ஒரு நாளும் "வாங்க" என்று கேட்டதில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பாவம், எதற்குள் வாங்க என்று கேட்பார்? அவர் ரோட்டோரம், நான் ரோட்டோரம், நடுவில் சைக்கிள்களும் மாட்டு வண்டிகளும் போகும். அப்படியே நின்று பேசிவிட்டு வந்துவிடுவேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனசு ஒரு மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் வைகாசி முடியும்போதே காற்று ஆரம்பித்துவிட்டது. ஒரு மத்தியானம் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு போய் மின்கம்பத்தில் மாட்டியது. அந்தப் பிள்ளையின் புதுப் புத்தகங்கள் தண்டவாளம் வரைக்கும் பறந்தன. மறுநாள் நாலு புத்தகங்களை அட்டை இல்லாமல் கொண்டுவந்து, "கணக்கு மட்டும் கிடைக்கல டீச்சர்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் சமாதானம் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

அடுத்த குடும்பக் கூட்டத்தில் நான் எழுந்துவிட்டேன். பெண்கள் எழுந்து பேசுவது அங்கே வழக்கமில்லை. கோலப்போட்டிக்குப் பரிசு கொடுக்க மட்டும் கூப்பிடுவார்கள். நான் கூப்பிடாமலே எழுந்து, கண்ணு தெரியாதவர்களுக்குக் கண்ணாடி கொடுக்கிறோமே, கண்ணு முன்னால் கிடக்கிற நாலு குடும்பத்தை என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் தண்ணீர் டம்ளருக்குள் தலையைவிட்டுக்கொண்டார். அப்புறம் புகையிலைக்காரர்தான் எழுந்தார். புகையிலை மூட்டை அடுக்குகிற தன் பழைய கிட்டங்கிக்குப் பின்னால் ஆட்களுக்காகக் கட்டிய நாலு லைன் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்றும், ஓடு மாற்றிச் சுண்ணாம்பு அடித்தால் அவர்கள் இருக்கிற வரைக்கும் இருந்துகொள்ளட்டும் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மனிதர் மீசையை முறுக்குவார், கத்துவார், ஆனால் கை தாராளம். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது என் வீட்டுக்காரர்கூட, "சும்மா சொல்லக்கூடாது" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

ஆனி மாதம் முழுக்க வேலை நடந்தது. ஒருவர் ஓடு கொடுத்தார், ஒருவர் கொத்தனாரை அனுப்பினார். மரக்கடைக்காரர் நாலு கதவுக்குப் பொறுப்பேற்றுக்கொண்டார். எங்களுக்கு இரும்புச் சாமான் கடை. இவர் கொண்டி, கீல், தாழ்ப்பாள், நல்ல கனமான பூட்டு நாலு என்று பார்த்துப் பார்த்து எடுத்து, தள்ளுவண்டியில் ஏற்றி, ஒரு வார்த்தை சொல்லாமல் தலைவரின் கிட்டங்கிக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்தும் ஒரு வார்த்தை வராமல் வண்டி காலியாகத் திரும்பி வந்தது. சண்டை போட்டாலும் சாமான் மட்டும் முதல் தரம்.

வீடுகளை ஒப்படைக்கிற விழாவுக்குக் கவர்னர் வருவதாக முடிவாயிற்று. கவர்னர் என்றால் சென்னையில் இருக்கிற கவர்னர் இல்லை. பல ஊர்க் கிளப்புகளுக்கும் சேர்த்துத் தலைமை தாங்குகிற ஒரு பெரியவரை அப்படிச் சொல்வார்கள். அவர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார். நமக்கு ஒதுக்கிய ஞாயிற்றுக்கிழமை நமக்கு, மாற்றக் கேட்கக்கூடாது. ரிப்பன் வெட்டி, தாம்பாளத்தில் இருக்கிற சாவியை எடுத்து, வாசலில் நிற்கிற குடும்பத்தின் கையில் கவர்னர் கொடுக்க வேண்டும், அதை போட்டோ எடுக்க வேண்டும் என்று திட்டம். தலைவர் அந்த போட்டோவை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதுவரை யோசித்துவைத்திருந்தார்.

விழாவுக்குத் துணி பேனர் எழுதுகிற பொறுப்பு செயலாளருடையது. இவர் தமிழ் டீச்சரைக் கட்டியவர் அல்லவா, சும்மா "வீடு வழங்கும் விழா" என்று எழுதினால் கௌரவக் குறைச்சல். என்னைக் கேட்காமல் தானே யோசித்து, நீளமான வெள்ளைத் துணியில் சிவப்பு எழுத்தில் "வீடுபேறு விழா" என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்து கூடத்தில் விரித்துக் காட்டினார். நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. "ஏங்க, வீடுபேறுன்னா மோட்சத்துக்குப் போறதுங்க. கவர்னர் வந்து நாலு குடும்பத்தையும் ஒண்ணா மேல அனுப்புறாரா?" என்றேன். மனிதருக்கு முகம் சுண்டிப்போயிற்று. வேறு பேனர் எழுதக் கொடுத்துவிட்டு, இதைச் சுருட்டிப் பரணில் போட்டார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நான் அன்று சாயங்காலமே தலைவர் வீட்டம்மாவுக்கு போனில் சொல்லிவிட்டேன். இப்படி ஒன்றை எப்படி வயிற்றுக்குள் வைத்திருப்பது?

விழாச் சேதியை அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். வழக்கம்போல ரோட்டுக்கு வந்து நின்றார். வீடு தயாராகிறது என்பது அவருக்குத் தெரியும். போகிற வருகிற நேரமெல்லாம் தூரத்தில் நின்று ஓடு மாற்றுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதனால் கவர்னர் வருகிற சேதியை முதலில் சொன்னேன். சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. திரும்பித் தார்ப்பாயைப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், கவர்னரு வந்தா எங்களை இங்கிருந்து எடுத்துருவாங்களே" என்றார். பெரிய ஆட்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் மதிலோரத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று யாராவது வந்து விரட்டிய பழக்கம் அவருக்கு. இது அந்தக் கவர்னர் இல்லை, இவர் கொடுக்க வருகிறவர் என்று விளக்கிச் சொன்னேன். மெல்லச் சிரித்தார். என்னைக்குங்க என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"அது ஆடியிலங்க வருது" என்றார்.

நானும் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

"ஆடியில குடி போகமாட்டமுங்க டீச்சர். கோவிச்சுக்காதீங்க. ஆவணி பொறக்கட்டுமுங்க, வந்தர்றோம். அதுவரைக்கும் இங்கயே கெடந்துக்கிறோம்."

பிறகு சொன்னார். ஒரு தென்னந்தோப்பில் காவலுக்கு இருந்திருக்கிறார்கள். தோப்பு கைமாறியதும் உடனே காலி பண்ணு என்றதால், ஆடியென்றும் பார்க்காமல் வாய்க்கால் ஓரத்தில் ஒரு குடிசை போட்டுக் குடிபோனார்கள். அந்த மாதம் முடிவதற்குள், காற்றில் அடுப்புப் பொறி பறந்து கூரையில் விழுந்து எல்லாம் சாம்பலாகிவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்ததோடு சரி. அதற்கப்புறம் இந்த மதில்தான். "அவசரப்பட்டுப் போனமுங்க, அது நிலைக்கலைங்க. இந்த வீடாவது நிலைக்கணுமுங்க" என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. மதில்மேல் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையைத்தான் பார்த்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்தக் கதைக்காக மட்டும் இல்லை. இத்தனை பேர் கூடி நாள் குறித்தோமே, ஒருவருக்குக்கூட ஆடி என்று ஏன் தோன்றவில்லை? நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்கு ஆடி கிடையாது என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் நாங்களும் கல்யாணம் வைக்க மாட்டோம். அதைவிட, ஆடியில் ஊரில் எவனும் வீடு கட்ட மாட்டேன் என்கிறான், ஒரு கொண்டிகூட விற்கவில்லை என்று வருஷா வருஷம் கல்லாவில் உட்கார்ந்து புலம்புகிறவர் என் வீட்டுக்காரர். தலைவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ராகுகாலத்தில் தும்மக்கூட மாட்டார். இவர்கள் எல்லோருக்கும் அது ஒரு குடும்பம் குடிபோகிற நாளாகவே படவில்லை. கிளப்பின் திட்டம் ஒன்று நிறைவேறுகிற நாள், அவ்வளவுதான்.

தலைவருக்கு இது என் வழியாகவும் அக்கா வழியாகவும் போய்ச் சேர்ந்தது. அவசரக் கூட்டம் போட்டார். பெண்கள் எங்களையும் வரச் சொன்னார், அந்தம்மாவோடு பேசியது நான்தானே. மணியை அடித்த அடியிலேயே கோபம் தெரிந்தது. கவர்னரின் தேதியை மாற்ற முடியாது. அன்றைக்கு வாசலில் குடும்பம் நிற்காவிட்டால் கிளப்பின் மானம் கப்பலேறிவிடும். இவர்கள் வராவிட்டால் போகட்டும், ஊரில் வீடில்லாதவர்களுக்கா பஞ்சம், வேறு நாலு குடும்பத்தைக் கூப்பிடுவோம் என்றார். நாளைக்கே வேறு யாரையாவது கொண்டுவந்து நிறுத்திவிட்டால் அந்தம்மாவிடம் நான் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? அவர் ஆவணிக்கு வருவார், அப்போது வீடு இருக்காது.

கடைசியில் தலைவர் மேசையைத் தட்டிச் சொன்னார்: "தெருவுல கெடக்கிறவுகளுக்கு ஆடியென்ன, ஆவணியென்ன?"

என் பக்கத்து நாற்காலியில் தலைவர் வீட்டம்மா உட்கார்ந்திருந்தார். அந்த அக்கா கூட்டத்தில் அதுவரை பேசி நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தபடியே, ஏதோ காய்கறி விலை கேட்கிற குரலில் பேசினார்.

"ஒங்க பதவியேற்பை மட்டும் ஆனி முடியிறதுக்குள்ள வச்சே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னீகளே, அது எதுக்காம்? ஒரு சங்கிலியக் கழுத்துல போட்டுக்கிறதுக்கே ஒங்களுக்கு ஆடி ஆகல. அவ பச்சப்புள்ளையக் கூட்டிக்கிட்டு வீடு போறா."

முதலில் சிரித்தது யார் தெரியுமா? தலைவரேதான். கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, தோளெல்லாம் குலுங்கச் சிரித்தார். அப்புறம் ஹோட்டல் மாடியே சிரித்தது. என் வீட்டுக்காரர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல், கைக்குட்டையை வாயில் வைத்து இருமினார். எனக்கு அந்த மனிதர்மேல் அன்றைக்கு வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை. பெண்சாதி சபையில் வைத்து மூக்கை உடைத்தபோது சிரிக்கிற ஆண்பிள்ளையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

வழியையும் அந்த அக்காவே சொன்னார். எல்லோரும் செய்வதுதான். ஆடிக்கு முன்னாலேயே நல்ல நாள் பார்த்து வீட்டில் பாலைக் காய்ச்சி, உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் வைத்துவிட்டால் குடிபுகுந்த கணக்கு. அப்புறம் எப்போது வந்தாலும் குற்றமில்லை. ஆனியில் இன்னும் சில நாட்கள் இருந்தன. தலைவர் ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனை: "பாலை மட்டும் காச்சிக்கட்டும். சாவி கவர்னர் கையாலதான்." போட்டோவை அவரால் விட முடியவில்லை. போகட்டும், மனுஷனுக்கு ஒரு ஆசை இருக்கக்கூடாதா என்று நாங்களும் சரியென்றோம்.

ஆனியின் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் அக்காவும் நானும் போனோம். நாலு வீட்டிலும் சுண்ணாம்பு வாசனை. மரக்கடையிலிருந்து கதவுகள் இன்னும் வந்து சேரவில்லை, நிலை மட்டும்தான் நின்றது. அந்தம்மா தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்து, இடுப்பில் குடத்தோடு வந்தார். பிள்ளை ஒரு கையில் உப்பும் ஒரு கையில் மஞ்சளுமாக, கீழே சிந்திவிடக்கூடாதே என்று அடிமேல் அடி வைத்து வந்தாள். மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டிப் பாலை ஏற்றினார்கள். அங்கேதான் சோதனை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அந்தக் காற்று ஆனியிலேயே வந்துவிட்டது. கதவில்லாத வாசல் வழியாக நேராக அடுப்புக்குத்தான் வந்தது. தீ பற்றும், அணையும். பற்றும், அணையும். பால் பொங்கி வழிய வேண்டும், அதுதான் கணக்கு. அந்தம்மா அடுப்பைச் சுற்றி இரண்டு கையையும் விரித்து மறைத்தார். அவர் காற்றையும் தீயையும் பார்த்த பார்வையில், அந்த வாய்க்கால் குடிசையைத்தான் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வாசலில் சைக்கிள் நின்ற சத்தம் கேட்டது. பெண்கள் காரியம் என்று வரமாட்டேன் என்றிருந்த என் வீட்டுக்காரர், தாழ்ப்பாள் அளவு பார்க்க வந்தேன் என்று பொய் சொல்லிக்கொண்டு வந்து நின்றார். உள்ளே ஒரு பார்வை பார்த்தார். திரும்பி, சைக்கிளை ஏறி மிதித்துப் போனார். சீக்கிரமே திரும்பி வந்தார். கேரியரில் பரணில் கிடந்த பேனர்.

வெட்கத்தில் எங்களைப் பார்க்காமல் நீட்டினார். அக்கா ஒரு முனையைப் பிடிக்க, நான் ஒரு முனையைப் பிடிக்க, நிலைவாசல் முழுக்க "வீடுபேறு விழா" என்று சிவப்பு எழுத்து விரிந்தது. காற்று அதில் மோதிப் படபடத்தது. உள்ளே தீ நிமிர்ந்தது. அக்காவுக்கு எழுத்தைப் பார்த்ததும் போனில் கேட்ட கதை நினைவுக்கு வந்து, சிரிப்பை அடக்கமுடியாமல் துணியோடு சேர்ந்து ஆடினார். "ஆடாதீக அக்கா, அணைஞ்சிரும்" என்று நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாக நுரைத்து வழிந்து, செங்கல்லில் சுர்ரென்று இறங்கியது. அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்? இவர் வெளியே திரும்பி நின்று சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆளுக்கொரு வாய் பால் குடித்தோம். மற்ற மூன்று குடும்பங்களும் அதே தீயில் கங்கெடுத்துத் தங்கள் வீட்டில் பால் காய்ச்சின. கிளம்புகிற நேரத்தில் அந்தம்மா தயங்கித் தயங்கி அக்காவிடம் கேட்டார். பால் காய்ச்சின வீட்டை அன்றைக்கு ராத்திரி இருட்டாகப் போடக்கூடாது, விளக்கேற்றித் தங்க வேண்டும், தங்கிக்கொள்ளலாமா என்று. அக்கா யோசிக்கவே இல்லை, இருந்துக்கோ என்றுவிட்டார். அன்று மாலை தலைவர் தாம்தூம் என்று குதித்தாராம், சாவி கொடுப்பதற்குமுன் எப்படி உள்ளே விடலாம் என்று. "கதவே இல்லாத வீட்டுக்குச் சாவி என்னாத்துக்கு?" என்று அக்கா திருப்பிக் கேட்டாராம். ஒரு ராத்திரி இரண்டு ராத்திரியாயிற்று. அப்புறம் யார் போகச் சொல்வது? கதவு வந்து மாட்டுகிறவரை அந்த வாசலில் "வீடுபேறு" தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வீடு நிலைத்தது. அந்தப் பிள்ளை அங்கிருந்துதான் பள்ளிப் படிப்பை முடித்தாள். பிற்பாடு அவளுக்குக் கல்யாணப் பந்தல் போட்டதும் அதே வாசலில்தான். அதெல்லாம் பின்கதை. கவர்னர் வந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஆடி பிறந்து, காற்று ஊரையே தூக்கிக்கொண்டிருந்தது. கவர்னர் நல்ல உயரம், கோட்டும் சூட்டும், பளபளவென்று பூட்ஸ். முதல் வீடு அந்தம்மாவுடையது. புதுக் கதவு சாத்தியிருந்தது. குறுக்கே ரிப்பன். தலைவர் கழுத்துச் சங்கிலி மின்ன நின்றார். என் வீட்டுக்காரர் தாம்பாளத்தில் சாவியோடு நின்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இரண்டு பக்கமும் காவல் தெய்வங்கள் மாதிரி நின்றார்கள். போட்டோக்காரர் தயார். கவர்னர் ரிப்பனை வெட்டினார். கைதட்டினோம். சாவியை எடுத்தார். கதவில் பூட்டைத் தேடினார். பூட்டு இல்லை. தலைவரைப் பார்த்தார். தலைவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வாசலில் வந்து நிற்க வேண்டிய குடும்பத்தையும் காணவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூட்டு எப்படி இருக்கும்? வீட்டுக்காரர்கள் உள்ளே இருந்தார்கள்.

உள்ளே தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. எங்கள் கடைத் தாழ்ப்பாள், சத்தம் எனக்குத் தெரியும். கதவு திறந்தது. வாசற்படிக்கு உள்பக்கமாக அந்தம்மா நின்றார், பக்கத்தில் பிள்ளை.

"வாங்க சாமி, உள்ள வாங்க" என்றார்.

கையில் சாவியோடு கவர்னர் அப்படியே நின்றார். பிறகு குனிந்தார். வீட்டுக்காரி வாங்க என்று கேட்டபிறகு பூட்ஸோடு யார் போவார்? அவ்வளவு பெரிய மனிதர், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, நாடாவை அவிழ்த்து, காலுறையோடு உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தார். சாவியைப் பைக்குள் போட்டு மறந்து, ஊருக்கே கொண்டுபோய்விட்டார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்தம்மா தலைவரைப் பார்த்து "வாங்கய்யா" என்றார். அவர் கட்டிய வீடு, அவர் இடம். ஆனாலும் விருந்தாளி மாதிரி தலையைக் குனிந்து உள்ளே போனார். அடுத்து என் வீட்டுக்காரரைப் பார்த்து, தனியாக, முறைப்படி, "நீங்களும் வாங்கய்யா" என்றார். இவர் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு, தலைவர் இருக்கிற இடத்துக்குள் போவதா வேண்டாமா என்று நின்றார். உள்ளேயிருந்து தலைவர் திரும்பினார்.

"அந்தம்மா கேக்குதுல்ல. வாங்க" என்றார்.

இவர் போனார். இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்ததை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

எல்லோரும் உள்ளே போக இடம் விட்டு நான் ரோட்டிலேயே நின்றிருந்தேன். பழக்கம்தான். அந்தம்மாவோடு எப்போதும் ரோட்டில் நின்றுதானே பேசியிருக்கிறேன். அவர் வெளியே வருவார், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு "சொல்லுங்க டீச்சர்" என்பார் என்று கால் தானாகவே அங்கே நின்றுவிட்டது. அவர் வாசலுக்கு வந்தார். கையைப் புடவையில் துடைத்தார். ஆனால் படியைத் தாண்டவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றார்.

"ஏனுங்க டீச்சர், அங்கயே நின்னுட்டீங்க" என்றார். "வாங்க."